வற்றிய குளமும் இல்லாத குளமும்: இரண்டு பெர்ல் ஹாஷ்களை ஒப்பிட்ட கதை

அண்ணாச்சியின் தகப்பனார் கால்வாயில் லஸ்கராக, அதாவது கால்வாய்க் காவலராக, வேலை பார்த்தவர். தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய் இரண்டின் கரைகளிலும் சைக்கிள் மிதித்தே காலம் கழித்தவர். தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு நீளக் கணக்கு நோட்டில் குளங்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். வரிசை எண், ஊர், குளம் என்று மூன்றே பத்திகள். மை மங்கியிருந்தாலும் கையெழுத்து அழகு. அந்த நோட்டை அண்ணாச்சி என்னிடம் கொடுத்தபோது, "தம்பி, இதில் இருக்கிற குளத்தில் எத்தனை இப்போது தரையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

சேரன்மகாதேவியில் நாங்கள் நான்கு பேர் ஆவணியிலும் புரட்டாசியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தோம். பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம், கொழுமடை, தருவை, முன்னீர்பள்ளம் என்று ஊர் ஊராகப் போய், கண்ட குளத்தின் பெயரையும் ஊரையும் அன்றைக்கு மடையருகே நின்ற நீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் கைப்பேசியில் குறித்தோம். ஐப்பசி மழை தொடங்குமுன் வரத்துக்கால்களைத் தூர்வாரக் கேட்டு மனு கொடுப்பதாகத் திட்டம். மனுவோடு இரண்டு பட்டியல்கள் இணைக்க வேண்டும். நோட்டில் இருந்து தரையில் காணாதவை ஒன்று, தரையில் இருந்து நோட்டில் இல்லாதவை மற்றொன்று.

நோட்டைத் தட்டச்சுக் கடை ஒன்றில் கொடுத்து அடித்து வாங்கினோம். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நடையில் குறித்தவற்றை ஒரு விரிதாளில் கொட்டி, தத்தல் (டேப்) குறி பிரித்த உரைக்கோப்பாக எடுத்தோம். நோட்டுக் கோப்பில் 118 வரிகள், நடைக் கோப்பில் 109. பெர்ல் எனக்குப் பழகிய நிரல்மொழி. 1987இல் லாரி வால் வெளியிட்டபோதே அது உரையை அறுத்துக் கோக்கத்தான் பிறந்தது. இந்த வேலைக்கு அதைவிடக் கைக்கு வாகான கருவி எனக்குத் தெரியாது.

118இல் 109 போக 9 குளங்களைக் காணவில்லை என்று நண்பர் ஒருவர் உடனே கணக்குச் சொன்னார். அது தவறு. இரண்டு பட்டியல்களின் நீளம் சமமாகவே இருந்தாலும் ஒரு பெயர்கூடப் பொதுவாக இல்லாமல் போகலாம். எண்ணிக்கையைக் கழித்துப் பயனில்லை. ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அடுத்த பட்டியலில் நீ இருக்கிறாயா என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் ஹாஷ். சாவியும் அதற்குரிய மதிப்புமாக இணை இணையாகச் சேர்த்துவைக்கும் பெட்டி அது. பெயரைச் சாவியாகக் கொடுத்தால், பட்டியல் எத்தனை பெரிதானாலும் ஒரே எட்டில் பதில் வரும். நோட்டுக்கு ஒரு ஹாஷ், நடைக்கு ஒரு ஹாஷ். நோட்டின் சாவிகளைக் கீஸ் என்ற கட்டளை கொண்டு எடுத்து, கிரெப் என்ற கட்டளையைச் சுளகாக வைத்துப் புடைத்து, நடையில் இல்லாதவற்றை மட்டும் நிறுத்துவது ஒரு வரி. திசையைத் திருப்பினால் இன்னொரு வரி. இரண்டையும் எழுத வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஒப்பிட்டுவிட்டு இரண்டு ஹாஷ்களும் ஒன்றே என்று சொல்லும் நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஹாஷில் கூடுதலாக இருப்பவை அந்த நிரல்களின் கண்ணில் படவே படாது.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். படித்த வரிகளையும் ஹாஷில் உள்ள சாவிகளையும் எண்ணிப் பார்ப்பேன். நோட்டில் 118 வரிகள் படித்து 103 சாவிகள்தான் இருந்தன. பதினைந்து வரிகளை ஹாஷ் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது. காரணம் நம் ஊர்ப் பெயர் வைக்கும் வழக்கம்தான். புதுக்குளம் இல்லாத ஊர் உண்டா? பெரியகுளம், செங்குளம், மேலக்குளம் எல்லாம் ஊருக்கு ஊர் வரும். ஒரே சாவி மறுபடி வந்தால் ஹாஷ் பழைய மதிப்பை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

ஆகவே ஊரையும் குளத்தையும் சேர்த்து ஒரே சாவியாக்கினேன். நடுவே ஒரு தத்தல் குறி. இடையில் எதுவும் வைக்காமல் ஒட்டினால், ஊர்ப்பெயரின் வாலும் குளப்பெயரின் தலையும் கலந்து இரண்டு வேறு இணைகள் ஒரே சாவியாகிவிட வாய்ப்பு உண்டு. பெயருக்குள் ஒருபோதும் வராத குறிதான் நடுவில் நிற்க வேண்டும். கூடவே, சாவியை ஹாஷில் போடுமுன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வரி எண்ணோடு எச்சரிக்கை அச்சிடும்படி செய்தேன். இப்போது நோட்டில் 117 சாவிகள், நடையில் 108. எச்சரிக்கை இரண்டே இடத்தில் வந்தது. பெரியவர் ஒரு குளத்தைக் கடைசிப் பக்கத்தில் வேறு மையில் மறுபடி எழுதியிருந்தார். நடையில் ஒரே குளத்தை இருவர் வெவ்வேறு நாளில் குறித்திருந்தோம். இரண்டும் நியாயமானவை.

இனி ஒப்பிடலாம் என்று ஓட்டினேன். பொதுவானவை: பூஜ்யம்.

117 குளங்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் குளத்தில் கோளாறு இல்லை, கோப்பில்தான் கோளாறு. இரண்டு பக்கமும் புதுக்குளம் என்ற ஒரே சொல்லைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். ஒரு வேறுபாடும் தெரியவில்லை. பிறகு சொல்லின் நீளத்தைச் சொல்லும் லெங்த் கேட்டேன். நடைப் பக்கம் 11 என்றது, நோட்டுப் பக்கம் 34 என்றது. அந்த இரண்டு எண்களில் இரண்டு கோளாறுகள் ஒளிந்திருந்தன.

புதுக்குளம் என்ற சொல்லில் யூனிகோடு கணக்குப்படி 11 குறிகள். ப, உகரக்குறி, த, உகரக்குறி, க, புள்ளி, க, உகரக்குறி, ள, ம, புள்ளி. அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் 3 பைட்டுகள், ஆக 33. நடைக் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லித் திறந்திருந்தேன், அதனால் பெர்ல் அதை எழுத்துகளாகப் படித்தது. நோட்டுக் கோப்பைச் சொல்லாமல் திறந்திருந்தேன், அதை வெறும் பைட்டுகளாகப் படித்தது. நிரலின் தலையில் யூஸ் யூடிஎஃப்8 என்று எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரி நிரலுக்குள் நாம் எழுதும் தமிழுக்கு மட்டும்தான். வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும்போது தனித்தனியே சொல்லத்தான் வேண்டும். திரை இங்கே சாட்சியாகாது. பைட்டுகளை அச்சிட்டாலும் தமிழாகத் தெரியும், எழுத்துகளை அச்சிட்டாலும் 'வைட் கேரக்டர்' என்ற எச்சரிக்கையோடு தமிழாகவே தெரியும். ஹாஷுக்கு இரண்டும் வேறு வேறு சாவி.

திறக்கும் வேலையை ஒரே துணைநிரலில் வைத்து இரண்டு கோப்புகளையும் அதன் வழியாகவே படிக்கச் செய்தேன். லெங்த் இப்போது 11 என்றும் 12 என்றும் வந்தது. பொதுவானவை இன்னும் பூஜ்யம்தான்.

அந்த ஒற்றைக் குறி எது? இதற்கு நான் எப்போதும் செய்வது, சாவியின் ஒவ்வொரு குறியையும் ஆர்ட் கொண்டு எண்ணாக அச்சிடுவது. தரவை உள்ளபடி அச்சிட்டுக் காட்டும் டேட்டா டம்பர் தொகுதியில் யூஸ்க்யூக்யூ அமைப்பை இயக்கினாலும் மறைந்திருப்பது வெளியே வரும். கடைசி எண் 13. விண்டோஸ் வழக்கப்படி வரி முடிவில் வரும் இரட்டைக் குறியில் முதலாவது அது. என் லினக்ஸ் கணினியில், வரிமுடிவை வெட்டும் சாம்ப் கட்டளை இரண்டாவதை மட்டும் வெட்டியது, 13ஐ விட்டுவிட்டது. நோட்டில் குளப்பெயர் கடைசிப் பத்தி. ஆக ஒவ்வொரு குளப்பெயரின் வாலிலும் ஒரு 13 ஒட்டியிருந்தது. நோட்டைப் படிக்கும் இடத்தில் வரியின் வாலிலுள்ள வெற்றிடங்களையெல்லாம் வெட்டினேன். பொதுவானவை 64 ஆயின. அன்று இரவு அதோடு மூடிவைத்தேன்.

மறுநாள் நடந்ததுதான் இந்த வேலையில் என்னை அதிகம் உலுக்கியது. வாலை வெட்டும் வரி நோட்டுக்கு மட்டும் இருக்கிறதே, நடைக் கோப்புக்கும் இருக்கட்டும் என்று அதைப் பொதுத் துணைநிரலுக்குள் நகர்த்தினேன். நல்லதைத்தான் செய்தேன். பொதுவானவை 64இலிருந்து 52ஆகக் குறைந்தன.

கோப்பைச் சுத்தம் செய்தால் பொருத்தம் எப்படிக் குறையும்? மறு திசையையும் எண்ணிப் பார்த்தேன். நடையின் சாவிகளை எடுத்து நோட்டில் கேட்டால் 64 பொருந்தின. நோட்டின் சாவிகளை எடுத்து நடையில் கேட்டால் 52தான். பொதுவானவை என்பது எந்தக் கரையில் நின்று எண்ணினாலும் ஒரே எண்ணாகத்தான் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் குற்றம் தரவில் இல்லை, கேட்கும் கேள்வியில் இருக்கிறது.

காணாமற்போன அந்தப் பன்னிரண்டையும் அச்சிட்டதும் நெஞ்சில் ஒரு குத்து. எல்லாமே நான் கால் வைத்து நடந்த கரைகள். ஒன்பது குளங்கள் அன்றைக்குச் சொட்டு நீர் இல்லாமல் கிடந்தவை, அவற்றுக்கு நீரளவு 0 என்று எழுதியிருந்தோம். மூன்றில் முட்செடி அடைத்து மடையருகே போகவே முடியவில்லை, அளவை எழுதாமல் விட்டிருந்தோம். நான் ஹாஷிடம் கேட்டிருந்த கேள்வி, இந்தச் சாவிக்குரிய மதிப்பு உண்மையா என்பது. இப்படிக் கேட்டால் பெர்ல் எந்த மதிப்பையும் உண்மை அல்லது பொய் என்றே எடுத்துக்கொள்ளும். அதில் பூஜ்யம் பொய். ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச்சரம் பொய். வரையறுக்கப்படாததும் பொய். வற்றிய குளத்தை இல்லாத குளம் என்று என் நிரல் எழுதிக்கொண்டிருந்தது.

முந்தைய இரவு இது ஏன் தெரியவில்லை என்றால், நீரளவு நடைக் கோப்பின் கடைசிப் பத்தி. அதன் வாலிலும் 13 ஒட்டியிருந்தது. பூஜ்யத்தோடு ஒரு குறி சேர்ந்த சரம் பெர்லின் கண்ணில் பூஜ்யம் ஆகாது, உண்மையாகிவிடும். ஒற்றைப் பூஜ்யம் மட்டுமே உள்ள சரமும் வெற்றுச்சரமும்தான் சரங்களில் பொய். இரட்டைப் பூஜ்யம்கூட உண்மை. ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்துக்கொண்டிருந்தது. வாலை வெட்டியதும் பூஜ்யம் பூஜ்யமாயிற்று, கேள்வியின் தவறு வெளியே வந்தது.

கேட்க வேண்டியது எக்ஸிஸ்ட்ஸ். அது மதிப்பைப் பார்க்காது, சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இங்கே மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு. குளம் பட்டியலில் இருக்கிறதா என்பதற்கு எக்ஸிஸ்ட்ஸ். அதன் நீரளவை யாராவது எழுதினார்களா என்பதற்கு டிஃபைன்ட். நீர் இருக்கிறதா என்பதற்கு மட்டும் வெறும் உண்மைச் சோதனை. முட்செடி அடைத்த மூன்று குளங்களும் முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. வற்றிய ஒன்பதும் முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு மட்டும் இல்லை. பெர்ல் கற்றுக்கொடுக்கும்போது இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நின்று சொல்ல வேண்டிய இடம் இது.

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தாமிரபரணிக் கரையில் குளம் ஒரு நாளில் அழிவதில்லை. வரத்துக்கால் தூர்ந்து, நீர் வராத ஆண்டுகள் அடுத்தடுத்து வந்து, உள்வாயில் உடைமரம் ஏறி, பிறகு யாரோ ஒருவர் இங்கே குளம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். நீர் இல்லை என்பது குளம் இல்லை என்பதாக மாறும் அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் போய்விடுகிறது. கரையும் மடையும் கலிங்கும் முழுதாக நிற்கிற ஒன்பது குளங்களைக் காணாதவை என்று நாங்களே மனுவில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்போம்.

எக்ஸிஸ்ட்ஸ் போட்டதும் இரு கரையிலும் 64. அடுத்த திருத்தம் சிறியது. நடைக் கோப்பின் முதல் வரியில் இருந்த குளம் எப்போதும் பொருந்தாமல் நின்றது. ஆர்ட் கேட்டால் பெயருக்கு முன்னால் 65279 என்று ஒரு குறி. யூனிகோடுக் கோப்பின் தலையில் சில மென்பொருள்கள் வைக்கும் அடையாளம் அது. வெற்றிடம் என்ற கணக்கில் அது வராது, அதனால் வெற்றிடம் வெட்டும் வரி அதைத் தொடாது. தனியே வெட்டினேன். 65.

இனி வருவது தமிழுக்கே உரிய சிக்கல், இதற்குத்தான் ஒரு முழு மாலை போயிற்று. கோபாலசமுத்திரத்தின் குளங்கள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கொழுமடையிலும் அப்படியே. பத்தமடையில் பெரும்பாலும் பொருந்தின. ஊரைப் பார்த்து ஹாஷ் ஓரவஞ்சனை செய்யுமா? இரண்டு ஊர்ப்பெயர்களையும் எழுதிப் பார்த்தபோது பிடிபட்டது. கோ, கொ. ஓகாரமும் ஒகரமும்.

யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே குறியாக எழுதலாம். அல்லது எகரக் கொம்பு 3014, அதன்பின் கால் 3006 என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஓகாரத்துக்கும் இப்படியே இரண்டு வழிகள். திரையில் ஒரு மயிரிழைகூட வேறுபாடு இருக்காது. நம் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நின்று நடுவே மெய்யை அணைத்துக்கொள்கிற அழகுக்காக வந்த ஏற்பாடு இது. பழைய எழுத்துருவில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டுவார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றியபோது அவை தனித்தனியாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. கைப்பேசியில் நாங்கள் தட்டியதோ ஒற்றைக் குறி. பெர்லின் ஹாஷ் குறிகளைக் குறிகளாகத்தான் ஒப்பிடும், இரண்டும் ஒரே எழுத்து என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்கு யூனிகோடு நார்மலைஸ் என்ற தொகுதி பெர்லோடு கூடவே வருகிறது. அதிலுள்ள என்எஃப்சி என்ற செயற்கூறு பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கிவிடும். சாவியை ஹாஷில் போடுமுன் அதன் வழியாக அனுப்பினேன். 65 ஒரே தாவலில் 83 ஆயிற்று. பதினெட்டுக் குளங்கள் ஒரு காலும் கொம்பும் சேராததால் தொலைந்து நின்றிருக்கின்றன.

ஒன்று எச்சரிக்க வேண்டும். ஔகாரத்தில் இது பாதிதான் உதவும். ஔகாரக் குறியின் பின்பாதிக்கு யூனிகோடில் தனிக்குறி உண்டு, பார்வைக்கு அது ளகரம் போலவே இருக்கும். கொம்புக்குப் பின் உண்மையான ளகரத்தையே தட்டிவிட்டால் என்எஃப்சி அதைச் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. 'கெள' என்று உண்மையிலேயே எழுத வந்தவரின் எழுத்தை அது கெடுத்துவிடும். எங்கள் பட்டியலில் அப்படி ஓர் ஊர்ப்பெயர் வந்தது, கையால் திருத்தினேன். அதே வரிசையில் 8204 என்ற, அகலமே இல்லாத குறி ஒன்று மூன்று பெயர்களுக்குள் புதைந்திருந்தது. அதையும் நீக்கினேன். 86.

இதற்குமேல் கணினிக்கு வேலை இல்லை, அண்ணாச்சிக்குத்தான். மீதியிருந்த இரண்டு பட்டியல்களையும் எதிரெதிரே அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். அச்சிடுமுன் இரண்டு காரியங்கள். ஹாஷ் தன் சாவிகளை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உறுதி கிடையாது. 2013இல் வந்த 5.18 பதிப்பிலிருந்து ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வரிசை மாறும். ஆகவே வரிசைப்படுத்தியாக வேண்டும். வெறும் சார்ட் போட்டால் யூனிகோடு எண் வரிசையில் வரும். அதில் னகரம் நகரத்துக்குப் பின்னும் றகரம் ரகரத்துக்குப் பின்னும் நிற்கும், நம் நெடுங்கணக்குக் குலைந்துவிடும். யூனிகோடு கொலேட் தொகுதியைப் போட்டதும் வ, ழ, ள, ற, ன என்று பள்ளியில் படித்த ஒழுங்கில் வந்தது. எழுபது வயதுக்காரர் விரல் வைத்துத் தேடப்போகிற தாள் அது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனாவால் கோடு இழுக்கத் தொடங்கினார். இங்கே புதுக்குளம், அங்கே புது குளம். ஒற்று மிகாமல் ஒன்று, மிகுந்து ஒன்று. நயினார் என்று ஒரு பக்கம், நைனா என்று மறு பக்கம். "இதுவும் இதுவும் ஒன்று தம்பி. அப்பா பட்டயத்தில் இருக்கிற பெயரை எழுதியிருக்கிறார், ஊர்க்காரர்கள் அம்மன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்" என்று வேறு ஓர் இணையைச் சேர்த்தார். அந்த இரண்டு பெயர்களுக்கும் ஓர் எழுத்துக்கூடப் பொதுவாக இல்லை.

இதை நிரலே செய்யட்டுமே, எழுத்துத் தொலைவை அளந்து நெருக்கமானவற்றைச் சேர்த்துவிடலாமே என்று நண்பர் கேட்டார். 1965இல் லெவன்ஷ்டைன் சொன்ன அளவை அது. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை குறிகளை மாற்றவோ நீக்கவோ சேர்க்கவோ வேண்டும் என்ற கணக்கு. நான் மறுத்துவிட்டேன். நயினார்குளத்தை நைனாகுளம் ஆக்க நான்கு மாற்றங்கள் வேண்டும், இரண்டும் ஒரே குளம். மேலக்குளத்தைக் கீழக்குளம் ஆக்க மூன்றே போதும், இரண்டும் வேறு குளங்கள். நம் ஊரில் மேலும் கீழும் எதிரெதிரே கிடக்கிறவை, ஒன்று மறுகால் பாய்ந்தால்தான் மற்றதற்கு நீர். அவற்றை ஒன்றாக்கிவிடும் கணக்கை நான் நம்ப மாட்டேன்.

ஆக மூன்றாவதாக ஒரு ஹாஷ் செய்தேன். சாவி மாற்றுப்பெயர், மதிப்பு நோட்டில் உள்ள பெயர். அண்ணாச்சி கோடு இழுத்த பதினைந்து இணைகளும் தனிக் கோப்பில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் சொன்னார் என்பதும் எழுதியிருக்கிறது. நடைச் சாவி மாற்றுப்பெயர் ஹாஷில் இருந்தால் அதன் மதிப்பை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் சாவியையே வைத்துக்கொள் என்று ஒரு வரி. நிரலுக்குள் பெயர்களைப் புதைக்கவில்லை. பிறகு யாராவது அண்ணாச்சி சொன்னதை மறுத்தால் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். 101.

கால்வாய்வாரியாகப் பிரித்துக் காட்டினால் மனுவுக்கு நல்லது என்று, இரண்டு கோப்புகளிலும் கால்வாயின் பெயரையும் சேர்த்து, ஹாஷுக்குள் ஹாஷாக மாற்றியபோது இன்னொரு கண்ணியில் கால் பட்டது. வெளிச்சாவி கால்வாய், உள்சாவி குளம். நோட்டில் கன்னடியன், பாளையங்கால்வாய், மானாவாரி என்று மூன்றே வெளிச்சாவிகள். ஒப்பிட்டு முடித்தபின் எண்ணினால் ஐந்து. நடையில் இரண்டு கால்வாய்களின் பெயரை எங்களில் ஒருவர் வேறு மாதிரி எழுதியிருந்தார். அந்தக் கால்வாயின் கீழ் இந்தக் குளம் இருக்கிறதா என்று எக்ஸிஸ்ட்ஸ் கேட்ட மாத்திரத்தில், உள்ளே பார்ப்பதற்காக வெளிச்சாவியைப் பெர்ல் தானாகவே உண்டாக்கிவிட்டது. இருக்கிறதா என்று கேட்டதாலேயே இருப்பதாகிவிட்டது. முதலில் வெளிச்சாவிக்கு எக்ஸிஸ்ட்ஸ், அது இருந்தால் மட்டும் உள்சாவிக்கு எக்ஸிஸ்ட்ஸ் என்று இரண்டு படியாகக் கேட்டால் இந்தக் கோளாறு வராது. மூன்று மூன்றாகவே நின்றது.

முடிவில் நடையில் மட்டும் இருந்தவை ஏழு. அவற்றில் இரண்டு கல் எடுத்த பள்ளங்கள், குளமல்ல, ஆனாலும் பட்டியலில் குறிப்போடு விட்டிருக்கிறேன். நோட்டில் மட்டும் இருந்தவை பதினாறு. அதில் ஐந்து தென்காசி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நாங்கள் நடந்த வழி அங்கே போகவே இல்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்து ஐந்தையும் சேர்த்தோம். 106.

மீதிப் பதினொன்றில் ஒன்றைத் தாமே காட்டுவதாகச் சொல்லி அண்ணாச்சி என்னை அழைத்துக்கொண்டு போனார். தார்ச்சாலையை விட்டு இறங்கி, வாழைத் தோட்டத்தின் வரப்பில் நடந்து, உடைமரக் காட்டுக்குள் நுழைந்தோம். நான் பார்த்தவரை மேடும் பள்ளமுமாக முள். அவர் நேரே ஓரிடத்துக்குப் போய்ச் செருப்புக் காலால் சருகைத் தள்ளினார். செதுக்கிய கல் ஒன்று தெரிந்தது. இரண்டு பக்கமும் கல்தூண், நடுவே துளை. மடை.

"இந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அப்பா சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்" என்றார். கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நடைக் கோப்பில் ஊரையும் பெயரையும் நோட்டில் உள்ளபடியே அடித்தேன். நீரளவு 0. நிரலை ஓட்டினேன். பொதுவானவை 107, நோட்டில் மட்டும் உள்ளவை 10. திசையைத் திருப்பி ஓட்டினேன், அங்கேயும் 107.